பேச்சுப் பக்கமும் உரைமரபும்: தமிழ் விக்கிப்பீடியாவின் கருத்து வேறுபாடுகள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழில் கலைக்களஞ்சியம் தொகுக்கும் முயற்சி ஒரு நூற்றாண்டைக் கடந்த வரலாறு உடையது. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் 1902ஆம் ஆண்டிலும், ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிடப்பட்டது. முன்னவை இரண்டும் தனிமனித உழைப்பின் விளைவுகள். மூன்றாவது அறிஞர் குழுவின் ஆக்கம். எனினும், ஒரு சொல்லை ஏற்பதா விலக்குவதா என்னும் வாதம் இம்மூன்றிலும் தொகுப்போர் அளவிலேயே நின்றது. வாசகர் கண்டது முடிவினை மட்டுமே.

2003ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியா இந்நிலையினின்றும் வேறுபட்டது. இங்கு ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிறது. பொதுச் செய்திகளைக் கலந்துரையாடும் இடத்திற்குத் தன்னார்வலர்கள் ‘ஆலமரத்தடி’ எனப் பெயரிட்டிருப்பது பொருத்தமானதே. 2017ஆம் ஆண்டில் இத்தளம் ஓர் இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. ஆயினும், அதன் தகுதியை அவ்வெண்ணிக்கையைவிட அங்கு நிகழும் கருத்து வேறுபாடுகளே நன்கு காட்டுகின்றன என்பது எம் கருத்து.

உரைமரபின் தொடர்ச்சி

மறுத்துரைத்தல் தமிழ்ப் புலமைக்குப் புதியதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரை செய்த சேனாவரையர், தமக்கு முன் உரைகண்ட இளம்பூரணரைப் பல இடங்களில் மறுக்கிறார். பரிமேலழகரும் பிறர் கொண்ட பொருளையும் பாடத்தையும் சுட்டிய பின்னரே தம் முடிபை நிறுவுகிறார். விலக்கப்பட்ட கருத்தும் உரையினுள் இடம்பெறுவதால், கற்போர் தாமே எடைபோட்டுப் பார்க்க இயலுகிறது. பேச்சுப் பக்கம் செய்வதும் ஏறத்தாழ இதுவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சேனாவரையருக்கு இளம்பூரணர் மறுமொழி கூற வாய்ப்பிருக்கவில்லை. இங்கோ மறுக்கப்பட்டவர் மறுநாளே சான்றுடன் வந்து மறுமொழி தரலாம்.

பெயர் வழக்குச் சிக்கல்

தன்னார்வலரிடையே நெடிது நிகழ்ந்த விவாதங்களுள் ஒன்று கிரந்த எழுத்துப் பயன்பாடு பற்றியது. வடசொல் தமிழில் வழங்குங்கால் வடவெழுத்தை விடுத்து வருதல் வேண்டும் என்னும் தொல்காப்பிய நெறியை ஒரு சாரார் முன்வைக்கின்றனர். மக்கள் வழக்கையும் பள்ளிப் பாடநூலையும் புறக்கணித்தலாகாது என்பது மறுசாரார் வாதம். இதனுடன் நாடுகளுக்கிடையிலான வழக்கு வேறுபாடும் சேர்கிறது. தமிழகத்தில் ஜப்பான் என வழங்குவது இலங்கையில் யப்பான் ஆகிறது. கிரந்தம் தவிர்ப்போர் சப்பான் என எழுதுகின்றனர்.

இச்சிக்கலுக்கு வழிமாற்று எனும் உத்தி ஓரளவு தீர்வு தருகிறது. எவ்வடிவத்தில் தேடினும் வாசகர் ஒரே கட்டுரையைச் சென்றடைவார். ஆயினும் கட்டுரையின் தலைப்பில் ஒரு வடிவம் மட்டுமே அமர இயலும். அதனை முடிவு செய்வது சான்றின் வலிமையாக இருத்தல் வேண்டும். நடைமுறையில், இடைவிடாது வந்து வாதிடும் ஓய்வுடையோர் பக்கம் முடிவு சாய்ந்துவிடும் இடர்ப்பாடும் உண்டு. தன்னார்வ முயற்சியின் இயல்பான குறை இது.

உரையாடாத ஆக்கம்

கருத்து வேறுபாட்டினும் பெருங்கேடு உரையாடல் இன்மையே என்பதற்கு ஒரு நிகழ்வு சான்றாகும். கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையுடன், ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி 2009, 2010ஆம் ஆண்டுகளில் இத்தளத்தில் சேர்த்தது. கட்டுரைகள் நீண்டவை, எனினும் தலைப்புத் தெரிவிலும் வாக்கிய அமைப்பிலும் குறைகள் மலிந்திருந்தன. பேச்சுப் பக்கத்தில் எழுப்பப்பட்ட வினாக்களுக்கு உரிய மறுமொழியும் கிட்டவில்லை. தமிழ்த் தன்னார்வலர்கள் இதனை ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டில் போலந்து நாட்டின் கிதான்ஸ்க் நகரில் நடைபெற்ற விக்கிமேனியா மாநாட்டில் தம் திறனாய்வை முன்வைத்தனர். பிழையுடைய கட்டுரையைத் திருத்திக்கொள்ளலாம். வினவினால் விடை தாராத ஆசிரியரோடு சேர்ந்து தொகுத்தல் அரிது என்பதே இந்நிகழ்வு உணர்த்தும் பாடம்.

மலேசியத் தமிழும் சான்றும்

இவ்விவாதங்கள் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரான நம்மையும் தொடுகின்றன. தமிழகத்தார் ரப்பர் என்பதை ஈழத்தார் இறப்பர் என்பர். நம் தோட்டத்து மக்களுக்கு அது பால்மரம். செம்பனை, கிள்ளான் போன்றவை இம்மண்ணில் உருவாகி நிலைத்த வடிவங்கள். ஜொகூர் என்னும் பெயரினின்று கிரந்தத்தை நீக்கினால் எழுத்து மரபு காக்கப்படலாம். ஆனால் அம்மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் காணும் வடிவத்தினின்றும் கட்டுரை விலகிவிடும். இவ்வழக்குகளுக்காக வாதிட இந்நாட்டினர் முன்வராவிடில், பிற நாட்டார் தமக்குப் பழகிய வடிவத்தையே இடுவர். அதில் அவர்கள்மேல் குற்றம் காண இயலாது.

இதனினும் கடினமானது சான்று பற்றிய விதி. சரிபார்க்கத்தக்க வெளியீட்டுச் சான்றில்லாத செய்தியை விக்கிப்பீடியா ஏற்பதில்லை. சொந்த ஆய்வுக்கும் இடமில்லை. இவ்விதி நேரியதே. ஆனால் நம் தோட்டங்களின் வரலாறு பெரிதும் முதியோர் நினைவிலும், பள்ளி ஆண்டு மலர்களிலும், கோயில் திருவிழா மலர்களிலும் தங்கியுள்ளது. 1924இல் தோன்றிய தமிழ் நேசன் நாளிதழ் 2019ஆம் ஆண்டில் நின்றுபோனது. சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் தமிழ் முரசின் பழைய இதழ்களை மின்னாக்கியுள்ளது. அத்தகைய பணி இங்கும் பரவலாக நிகழ்ந்தாலன்றி, மூடப்பட்ட ஒரு தோட்டப்பள்ளியைப் பற்றி எழுதுபவர் ‘சான்று தேவை’ என்னும் குறிப்பை எதிர்கொண்டு வாளாவிருக்கவே நேரும். அக்குறிப்பை இட்டவர் பகைவர் அல்லர். நாம் செய்யாது விட்ட பணியைச் சுட்டுபவர்.

முடிவுரை

மாணவர்தம் இடுபணிகளில் விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டலாகாது எனப் பல்கலைக்கழகத்தார் அறிவுறுத்துகிறோம். அது தக்க அறிவுரையே. ஆயினும், அதே மாணவர் அங்குதான் முதலில் படிக்கின்றனர் என்பதையும் நாம் அறிவோம். குறை கூறுவதோடு அமையாது, தோட்ட வரலாறுகளைத் திரட்டிச் சான்றுடன் வெளியிடுதலும், பேச்சுப் பக்கத்தில் பெயரறியாத் தன்னார்வலரோடு சமநிலையில் நின்று வாதிடுதலும் நம் கடமைகளாகும். அங்குப் பட்டத்தினும் சான்றே மதிக்கப்படுதல் வேண்டும் என்பது நெறி. புலமையுடையோர் இதற்கு நாணவேண்டுவதில்லை. உரையாசிரியர்களை ஏற்பதும் மறுப்பதுமாகிய நம் வகுப்பறைகளும் அந்நெறியிலேயே இயங்கி வருகின்றன.