பக்கத்தின் நம்பகமும் பதிப்பின் நம்பகமும்: தமிழாய்வு மாணவர்க்கான தகவல் எழுத்தறிவுக் கல்வி குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இணையத் தகவலை மதிப்பிடக் கற்பிக்கும் முறைகள் பெரிதும் இணையப் பக்கத்தின் நம்பகத்தையும் ஆய்விதழின் தரத்தையுமே அளக்கின்றன. தமிழிலக்கிய ஆய்வு மாணவர் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கலோ, தாம் காணும் மின்பாடம் எந்தப் பதிப்பைச் சார்ந்தது என்பதாகும். பல்கலைக்கழக மானியக்குழுவின் ஆய்வு நெறிமுறைப் பாடத்திட்டத்தையும், அமெரிக்காவில் தோன்றிய இரு மதிப்பீட்டு முறைகளையும் இக்கட்டுரை இந்நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தகவல் எழுத்தறிவு, மின்பாடம், பதிப்பியல், பாடவேறுபாடு, பக்கவாட்டு வாசிப்பு, சங்க இலக்கியம்

சொல்லும் பாடத்திட்டமும்

தகவல் எழுத்தறிவு என்னும் கலைச்சொல், 1974-இல் பால் சுர்கோவ்ஸ்கி அமெரிக்க நூலக, தகவலியல் தேசிய ஆணையத்திற்கு அளித்த அறிக்கையின் வழியே புழக்கத்திற்கு வந்தது. அவர் தகவல் தொழில் நிறுவனங்களின் சங்கத் தலைவராக இருந்தவர். தகவல் மூலங்களைத் தம் பணிக்குப் பயன்படுத்தத் தெரிந்தவரையே அவர் தகவல் எழுத்தறிவு பெற்றவர் என்றார். தொழில்துறையில் பிறந்த இச்சொல்லைப் பின்னர் நூலகர்கள் தமதாக்கிக்கொண்டனர். அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2000-இல் இதற்கெனத் தரநிலைகளை வகுத்தது. பிறகு அவற்றைக் கைவிட்டு, ஆறு கருத்துருக்களைக் கொண்ட சட்டகம் ஒன்றை 2016-இல் ஏற்றுக்கொண்டது. அக்கருத்துருக்களுள் ஒன்று, நம்பகம் சூழலைப் பொறுத்து அமைவது என்கிறது. ஒரு துறையில் எது சான்றாகும் என்பதை அத்துறையின் வழக்கே முடிவுசெய்யும் என்று இதனை விரித்துக் கொள்ளலாம். நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவர்க்குக் கற்பிக்கப்படுவது இக்கருத்துக்குத் தொலைவில் நிற்கிறது.

முனைவர் பட்ட மாணவர் அனைவரும் ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் என்னும் தாளைக் கற்க வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக்குழு 2019-இல் அறிவித்தது. இரண்டு மதிப்புப்புள்ளிகள், 30 மணி நேரம், ஆறு அலகுகள் என்பது அதன் அளவு. இணையத்தில் தேடும் திறனுக்கு முறையான இடம் தரும் தாளும் இதுவே. இதன் ஆறாம் அலகு தரவுத்தளங்களுக்கும் ஆய்வு அளவீடுகளுக்கும் ஏழு மணி நேரத்தை ஒதுக்குகிறது. வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ் ஆகிய மேற்கோள் தரவுத்தளங்கள், தாக்கக் காரணி, எச் குறியெண், ஐ10 குறியெண் ஆகியன அங்கு இடம்பெறுகின்றன. நான்காம் அலகு, கட்டுரையை எந்த இதழுக்கு அனுப்பலாம் எனப் பரிந்துரைக்கும் கருவிகளைக் கற்பிக்கிறது.

இத்தாளின் நோக்கம் குறைகூறத்தக்கதன்று. போலி ஆய்விதழ்களுக்குப் பணம் செலுத்தி ஏமாறும் மாணவரைக் காக்க ஏதேனும் ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. ஆயினும் ஒன்றைக் கேட்கவேண்டியுள்ளது. புறநானூற்றில் ஆய்வு செய்யும் ஒருவர் ஸ்கோபஸில் எதைத் தேடுவார்? அவருக்கு வேண்டிய பதிப்புகள், உரைகள், பழைய இதழ்க் கட்டுரைகள் ஆகியவற்றில் மிகப் பெரும்பாலானவை அங்கு இல்லை. அவை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும், ஈழத்து வெளியீடுகளாயின் நூலகம் திட்டத்திலும் இருக்கின்றன. பாடத்திட்டம் எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது என்பதால் இப்பெயர்களை அதில் எதிர்பார்க்க முடியாது. தமிழ்த்துறைகள் இவ்விடைவெளியைத் தம் வகுப்பறையில் நிரப்பிக்கொள்வதை எந்த விதியும் தடுக்கவில்லை என்பதும் உண்மை. நிரப்பாமல் விடும்போது, தாக்கக் காரணியைக் கணக்கிடத் தெரிந்தும் தாம் மேற்கோள் காட்டும் பாட்டு எவர் பதிப்பித்தது என்று சொல்ல இயலாத ஆய்வாளர் உருவாகிறார்.

பட்டியலும் பக்கவாட்டு வாசிப்பும்

இணையப் பக்கத்தை மதிப்பிடப் பலவிடங்களிலும் கற்பிக்கப்படும் பட்டியல் ஒன்றைக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிகோ வளாக நூலகர் சாரா பிளேக்ஸ்லீ 2004-இல் வெளியிட்டார். காலப்புதுமை, பொருத்தம், ஆசிரியர் தகுதி, துல்லியம், நோக்கம் என்னும் ஐந்தைக் கொண்டு ஒரு பக்கத்தைச் சோதிக்க வேண்டும் என்பது அம்முறை. இதனைத் தமிழாய்வுக்கு அப்படியே பொருத்தினால் விந்தையான முடிவுகள் கிடைக்கும். உ.வே. சாமிநாதையரின் 1894-ஆம் ஆண்டுப் புறநானூற்றுப் பதிப்பு காலப்புதுமையில் தோற்கும். அப்பதிப்பிலிருந்து யாரோ தட்டச்சு செய்து கடந்த வாரம் பதிவேற்றிய பக்கம் வெல்லும்.

பட்டியலின் போதாமையை அமெரிக்க ஆய்வாளர்களே உணர்ந்தனர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதில் குறிப்பிடத்தக்கது. வரலாற்று முனைவர் 10 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு இளங்கலை மாணவர் 25 பேர் ஆகியோரிடம் சில இணையப் பக்கங்களைத் தந்து மதிப்பிடச் செய்தனர். குழந்தை மருத்துவர்களின் பெரிய தொழில்முறை அமைப்பொன்றின் பக்கமும், அதிலிருந்து பிரிந்த சிறு குழுவொன்றின் பக்கமும் அவற்றுள் இருந்தன. மாணவர் பலர் சிறு குழுவின் பக்கத்தையே நம்பினர். கற்றறிந்த வரலாற்றாளருள்ளும் தடுமாறியவர் உண்டு. சரிபார்ப்பாளரோ பக்கத்தை ஆழ்ந்து வாசிக்காமல் உடனே அதைவிட்டு வெளியேறி, அந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கின்றனர் என்று வேறு பக்கங்களைத் திறந்து பார்த்தனர். இம்முறையே பக்கவாட்டு வாசிப்பு எனப்படுகிறது.

செய்திகளையும் அமைப்புகளையும் சோதிக்க இது சிறந்த முறை என்பதில் ஐயமில்லை. ஆனால் இதன் அடியில் ஓர் எடுகோள் உள்ளது. பக்கத்தில் திறக்கும் பிற பக்கங்கள் தனித்தனிச் சாட்சிகளாக இருக்கும் என்பதே அது. தமிழ் இலக்கிய மின்பாடங்களைப் பொறுத்தவரை இவ்வெடுகோள் பெரும்பாலும் பொய்க்கிறது.

படிகளின் மரபுவழி

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கியது. அதற்குத் தமிழாய்வு பட்டிருக்கும் கடன் பெரிது. அதன் ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் உள்ளன. பல கோப்புகளில் மூலநூலின் விவரமும் உள்ளது. தலைப்பகுதியைச் சிதைக்காமல் வைத்துக்கொண்டால் கோப்பை யாரும் பகிரலாம் என்பதே அத்திட்டம் விதித்த ஒரே நிபந்தனை. நிகழ்ந்தது வேறு. பாட்டை மட்டும் வெட்டியெடுத்து ஒட்டும் வழக்கம் பரவியபோது முதலில் உதிர்ந்தது அந்தத் தலைப்பகுதிதான். ஏட்டின் இறுதியில், எழுதியவர் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்து வைத்த மரபு ஒரு காலத்தில் இருந்தது. ஏடு எழுதியவர் காட்டிய கவனத்தை வெட்டி ஒட்டுபவர் காட்டவில்லை.

இதன் விளைவை மாணவர் அறியாதிருப்பதே இடர். ஒரு பாட்டின் முதலடியைத் தேடுபொறியில் இடுகிறார். பத்துப் பக்கங்கள் வருகின்றன. பத்திலும் ஒரே பாடம். பக்கவாட்டு வாசிப்பு கற்ற மாணவர் பத்துச் சாட்சிகள் ஒத்துரைக்கின்றன என்று மகிழ்வார். உண்மையில் அங்கிருப்பது ஒரு சாட்சியும் அதன் ஒன்பது எதிரொலிகளுமாக இருக்கலாம்.

இதைக் கண்டறியும் வழியைப் பதிப்பியல் நெடுங்காலமாகக் கற்பித்து வருகிறது. இரு சுவடிகள் சரியான இடங்களில் ஒத்திருப்பது அவற்றின் உறவுக்குச் சான்றாகாது. ஒரே பிழையில் ஒத்திருப்பதே சான்று. ஒரு சுவடியிலிருந்து மற்றொன்று படியெடுக்கப்பட்டது என்று தெளிந்தபின், படிக்குத் தனி மதிப்பில்லை. இவ்விதியை இணையத்திற்குப் பொருத்துவது எளிது. பாட்டில் ஓர் ஒற்று விடுபட்டிருக்கிறது, அல்லது ‘ர’கரமும் ‘ற’கரமும் மயங்கியிருக்கின்றன என்று கொள்வோம். அதே வழு பத்துப் பக்கங்களிலும் அதே இடத்தில் இருந்தால் அவை ஒரு குடும்பம். ஒன்றில் மட்டும் வேறு பாடம் இருந்தால், அது பிழையா, வேறு பதிப்பின் வழிவந்த பாடமா என்று அச்சு நூலைத் திறந்து பார்க்க வேண்டும். உ.வே.சா. பதிப்பின் அடிக்குறிப்பில் வரும் ‘பி-ம்.’ என்னும் சுருக்கம் பிரதிபேதத்தைக் குறிப்பது. அச்சுருக்கத்தை வாசிக்கத் தெரிவதும் தகவல் எழுத்தறிவே; அதற்கு எந்தப் பாடத்திட்டமும் ஒரு மணி நேரத்தையும் ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

துறையறிவு இன்றித் தகவலறிவு இயங்காது என்பதற்கும் புறநானூறே எடுத்துக்காட்டு. அந்நூலுக்குக் கிடைத்துள்ள பழைய உரை முதல் 266 பாட்டுகள் அளவிலேயே நிற்கிறது. 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாட்டுகள் கிடைக்கவில்லை. ஆகவே 300-ஆம் பாட்டுக்கு ஒரு பக்கம் பழைய உரை காட்டுமாயின், அப்பக்கத்தின் வடிவமைப்பு எவ்வளவு நேர்த்தியாக இருப்பினும், நடத்துபவர் எவ்வளவு புகழுடையவராயினும், அது பிற்காலத்தவர் உரை என்று உடனே சொல்லிவிடலாம். ஐந்து வினாப் பட்டியல் இங்கு உதவாது. செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் இல்லாத பாட்டெண்ணையும் இல்லாத நூற்பெயரையும் தயக்கமின்றித் தரக்கூடியன ஆதலின், இத்தகைய அறிவின் தேவை இனி மிகும்.

தேடலின் மொழிச் சிக்கல்

தேடல் பற்றிய பாடங்கள் ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. தமிழில் ‘அறம்’ என்று தேடினால் ‘அறத்தை’, ‘அறத்தின்’, ‘அறமென’ என்பன விடுபடலாம். சாமிநாதையர், சுவாமிநாதையர், சாமிநாத ஐயர் என ஒருவர் பெயரே மூன்று வகையாக எழுதப்படும். மூன்றுக்கும் ஒரே விளைவுகள் வருவதில்லை. 1978-க்கு முந்தைய அச்சில் ‘ணை’, ‘லை’, ‘றா’ முதலியன பழைய வடிவில் இருப்பதால் எழுத்துணரி மென்பொருள் அவற்றைத் தவறாக வாசிக்கும் வாய்ப்பு மிகுதி.

இவற்றினும் நுட்பமானது சந்தி. மர்ரே எஸ். ராஜம் 1950-களில் வெளியிட்ட பதிப்புகள் பொதுவாசகர்க்காகச் சந்தி பிரித்து அச்சிடப்பட்டன. மின்பாடங்களிலும் சந்தி பிரித்தவை உண்டு, பிரிக்காதவை உண்டு. ஒரு சொல் சங்க நூல்களில் எத்தனை இடங்களில் வருகிறது என்று எண்ணி முடிவு கூறும் ஆய்வேடுகள் இன்று பெருகி வருகின்றன. எந்த மின்பாடத்தில் எண்ணப்பட்டது என்று கூறாத எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு? பாடம் மாறினால் எண்ணும் மாறும். எண் மாறினால் அதன்மேல் எழுப்பிய முடிவும் ஆட்டங்காணும்.

ஒப்புமைச் சோதனையும் இங்கே தடுமாறுகிறது. மானியக்குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. அதற்கு மேல் படிநிலைகளாக நடவடிக்கை உண்டு. பாமினி, வானவில் போன்ற ஒருங்குறி சாராத எழுத்துருக்களில் அமைந்த பழைய ஆய்வேடுகளைக் கணினி தமிழாகவே அறிவதில்லை. படிமங்களாக வருடப்பட்டவற்றில் வாசிக்க எழுத்தே இல்லை. இத்தகைய ஏடுகளிலிருந்து எடுத்தெழுதினால் சோதனையில் பூச்சியம் வருவதும் இயலும். விழுக்காட்டையே நேர்மையின் அளவாகக் கொள்ளப் பழகிய மாணவர், அந்தப் பூச்சியத்தைத் தம் ஆய்வின் தூய்மைக்குச் சான்றாகக் கருதிவிடுவார்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

பழந்தமிழ் நூல்களுக்கு மட்டும் உரிய சிக்கல் இது என்று ஒதுக்கிவிட இயலாது. புதுமைப்பித்தன் கதைகள் இதழில் ஒரு வடிவிலும் தொகுப்பில் மற்றொரு வடிவிலும் வந்துள்ளன. ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000-இல் காலச்சுவடு வெளியிட்ட தொகுதி அவ்வேறுபாடுகளை ஒப்புநோக்கி வெளிவந்தது. படைப்புகள் நாட்டுடைமையானபின் இணையத்தில் பெருகும் படிகள் எவ்வடிவத்தைப் பின்பற்றின என்று சொல்வது அரிது. ஒரு கதையின் சொல்லாட்சி குறித்துப் பேசும் கட்டுரை இதை அறியாமல் ஓரடியும் நகரமுடியாது.

ஆய்வு நெறிமுறைத் தாளின் கடைசி மூன்று அலகுகள் செய்முறைக்கு உரியவை. அவற்றின் 15 மணி நேரத்தில் இரண்டு மணி நேரத்தைத் தமிழ்த்துறை தனக்கென எடுத்துக்கொள்ளலாம். ஒரு புறநானூற்றுப் பாட்டின் இணையப் படிகள் ஐந்தை மாணவரிடம் கொடுத்து, பொதுப்பிழைகளைக் கொண்டு அவற்றைக் குடும்பங்களாகப் பிரிக்கச் செய்தல். 1894 பதிப்போடும் ஔவை சு. துரைசாமிப் பிள்ளை உரைப்பதிப்போடும் ஒப்பிட்டு, எது பிழை, எது பாடவேறுபாடு என்று அரைப்பக்கம் எழுதச் செய்தல் என அப்பயிற்சி அமையலாம். பழம்பதிப்புகள் பலவற்றின் படிமக் கோப்புகள் மின்னூலகங்களில் கிடைப்பதால் திறன்பேசி ஒன்றே போதும். கட்டணத் தரவுத்தளங்களுக்குச் சந்தா செலுத்த இயலாத கல்லூரிகளிலும் இதனை நடத்தலாம்.

ஆய்விதழ்களுக்கும் இதில் பங்குண்டு. துணைநூற்பட்டியலில் இணைய முகவரியும் பார்த்த நாளும் கேட்கப்படுகின்றன. அம்மின்பாடம் எந்த அச்சுப்பதிப்பைச் சார்ந்தது என்று கேட்கப்படுவதில்லை. கட்டுரையாளர் விதிகளில் அந்த ஒரு வினா சேர்க்கப்படுமாயின், விடை தெரியாத மாணவர் அதைத் தேடிச் செல்ல நேரும். விடையே இல்லாத மின்பாடம் சான்றுப் பட்டியலிலிருந்து நீங்கும்.