அலங்காரத்தைக் கழற்றிய ஆட்டம்

1952இல் சந்திரலேகாவின் அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. யமுனையில் நீராடி விளையாடுவதை அபிநயித்துக்கொண்டிருந்தபோது, பத்திரிகைப் படங்களில் கண்ட வெடித்த நிலம் மனத்தில் எழுந்து உடம்பை உறைய வைத்ததாக அவர் பின்னாளில் சொன்னார். மேடையில் நீர் வழிகிறது. வெளியே சொட்டு நீரில்லை. அந்த முரண்பாட்டைத் தள்ளிவிட்டு ஆட அவரால் முடியவில்லை.

மகாராஷ்டிரத்தின் வாடாவில் 1928இல் பிறந்து, சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் கற்றவர் சந்திரலேகா. புகழ் வந்த நேரத்தில் மேடையை விட்டு விலகி எழுத்து, சுவரொட்டி, பெண்ணியம், மனித உரிமை என்று நீண்ட காலம் உழைத்தார். 1982இல் அவர்மீது தேசத்துரோக வழக்குப் பதிவாகி, பிறகு கைவிடப்பட்டது. 1985இல் ‘அங்கிகா’ என்ற படைப்புடன் நடன அமைப்பாளராகத் திரும்பியபோது அவருக்கு வயது 56.

அந்தத் திரும்புதல் பரதநாட்டிய உலகை உலுக்கியது. நகையில்லை, மேடையில் நடராசர் சிலையில்லை, தலைவனுக்காக ஏங்கும் நாயகியும் இல்லை. மிஞ்சியவை அரைமண்டி, அடவு, முதுகெலும்பு. களரிப்பயட்டு வீரர்களும் பரதக் கலைஞர்களும் ஒரே மேடையில் நின்றபோது, பரதத்தின் கோடுகளுக்குள் எவ்வளவு வலு ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்தது. ‘ஸ்ரீ’ (1991) பெண்ணின் வளைந்த முதுகு நிமிர்வதையே நடனமாக்கியது. ஒரு பெண் மேடையில் கெஞ்சாமலும் மயக்காமலும் வெறுமனே நிமிர்ந்து நிற்கலாம் என்று காட்டியதுதான் அவருடைய பெருஞ்சாதனை. அதற்கு ஈடான இன்னொன்றை அக்காலப் பரத மேடையில் தேடுவது கடினம்.

ஆனால் அலங்காரத்தோடு சேர்த்து அபிநயத்தின் பெரும்பகுதியையும் அவர் கழற்றிப் போட்டார். இங்கேதான் இழப்பு தொடங்குகிறது. எல்லப்பா பிள்ளை நட்டுவாங்கம் செய்த பரதக் கலைஞர் பாலசரஸ்வதியின் பதங்களில், நாயகி அழுது நிற்பவள் மட்டும் அல்லள். குத்திக்காட்டுவாள், ஏளனம் செய்வாள், பேரம் பேசுவாள். பாலசரஸ்வதியைப் பெரிதும் மதித்த சந்திரலேகா, இந்தச் சுதந்திரத்தைத் தம் படைப்புகளில் பயன்படுத்தவில்லை. விதிவிலக்கு ‘லீலாவதி’ (1989). பாஸ்கராச்சாரியரின் 12ஆம் நூற்றாண்டுக் கணித நூலில் வரும் வண்டும் தாமரையும் அன்னமும் அதில் கைமுத்திரைகளாகி, கணக்கே விளையாட்டாகிறது. அறிவும் குறும்பும் கைகோக்கும் அந்தப் பாதையில் அவர் மேலும் நடந்திருக்க வேண்டும். அவரோ ‘யந்த்ரா’, ‘சரீரா’ எனத் தாந்திரிக வடிவங்களுக்குள் ஆழ்ந்தார். ‘சரீரா’வில் துருபத் இசையோடு மெல்ல விரியும் உடல்களின் அடர்த்தி அபாரமானது, அந்த மந்தகதி ஒவ்வொரு படைப்பிலும் திரும்பும்போதோ அலுப்புத் தட்டுகிறது.

இன்னொரு குறை வரலாறு சார்ந்தது. யோகம், களரி, பரதம் மூன்றையும் தொன்மையான ஒரே உடல்மரபின் கிளைகளாக அவர் கண்டார். ஆனால் இன்று நாம் காணும் பரதத்தின் கச்சேரி வடிவம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்களிடம் உருப்பெற்றது. அதைக் காத்தவர்கள் இசைவேளாளக் குடும்பங்கள். தொன்மையை நோக்கித் தாவும்போது இந்த வரலாற்றை அவருடைய நடனமொழி கடந்து போய்விடுகிறது. அவருடைய ‘பெண் சக்தி’யும் சில இடங்களில் சாதி, வர்க்கம் எதுவும் தொடாத பொது வடிவமாகிவிடுகிறது. ஆண்களுக்குள் இருக்கும் பெண்மையை ஆராய்ந்த ‘ராகா’ (1998) அந்த வடிவத்தை அவரே கலைத்துப் பார்த்த துணிச்சலான முயற்சி.

2006 டிசம்பரில் அவர் மறைந்தார். பத்மினி செட்டூர் போன்ற நடனக் கலைஞர்கள் அவரிடம் ஆடிப் பழகி, பின்பு தங்களுக்கான மொழியைக் கண்டடைந்தார்கள். நம் நடனப் பள்ளிகளின் பாடத்திட்டத்திலோ அவருக்குப் போதிய இடமில்லை. அரைமண்டியில் அமரக் கற்கும் ஒவ்வொரு மாணவிக்கும் வர்ணத்தோடு ‘அங்கிகா’வின் ஒளிப்பதிவையும் ஆசிரியர்கள் காட்ட வேண்டும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் மாணவிகள் அதைப் பற்றி வாதிடட்டும்.