நைட்ராக்ஸ் சான்றிதழ்: இணையவழிப் பாடமும் நேர்முகப் பயிற்சியும்

வளிமண்டலக் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடாக உள்ள ஆக்சிஜனின் பங்கை 22 முதல் 40 விழுக்காடு வரை உயர்த்தி ஸ்கூபா சிலிண்டரில் அடைத்துத் தரும் கலவையே பொழுதுபோக்கு முக்குளிப்பில் நைட்ராக்ஸ் எனப்படுகிறது. ஆக்சிஜன் கூடும் அளவுக்கு நைட்ரஜன் குறைவதால் உடல் திசுக்களில் கரையும் நைட்ரஜனும் குறைகிறது. ஆகவே, மேலேறும்போது அது குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும் அழுத்தத் தளர்வு நோய்க்கு இடம்கொடாமல், அதே ஆழத்தில் கூடுதல் நேரம் தங்க முடிகிறது. இக்கலவையை நிரப்பித் தருவதற்கு முக்குளிப்பு மையங்கள் கேட்கும் சான்றிதழுக்கான பாடத்தை இப்போது வீட்டிலிருந்தே படித்துவிடலாம். பரவலாக வழங்கப்படும், பேடி என்னும் முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் 'என்ரிச்டு ஏர் டைவர்' பாடத்தை முன்வைத்து, இணையவழிக் கல்வி எதுவரை போதுமானது, எங்கே பயிற்றுநரின் அண்மை தேவைப்படுகிறது என்பதை இங்கு மதிப்பிடலாம்.

கடலாய்வுப் பணியில் ஈடுபட்ட முக்குளிப்போருக்காக 1970கள் முதல் அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவில் மோர்கன் வெல்ஸ் வகுத்த 32, 36 விழுக்காட்டுக் கலவைகளே இன்றும் பெரிதும் வழங்குபவை. நோவாவில் பணியாற்றிய டிக் ருட்கோவ்ஸ்கி 1985இல் பொழுதுபோக்கு முக்குளிப்போருக்கும் இதைக் கற்பிக்கத் தனி அமைப்பொன்றைத் தொடங்கினார். அதற்கு எழுந்த எதிர்ப்பு அடங்கி, பேடி தன் பாடத்தை வெளியிட 1996 வரை ஆயிற்று. தொடக்கத்தில் கட்டாயமாக இருந்த இரண்டு பயிற்சி முக்குளிப்புகள் பின்னர் விருப்பத்துக்கு விடப்பட்டன. ஆகவே, திரையில் படிப்பதும் பயிற்றுநர் முன்னிலையில் சிறிது நேரச் செய்முறையுமாகப் பாடம் சுருங்கிவிட்டது.

கோட்பாட்டுப் பகுதியைப் பொறுத்தவரை இணையவழிப் பாடம் குறைவற்றது. பயணக் களைப்போடு படகின் மேல்தளத்தில் ஒரு மாலைப்பொழுதில் அவசரமாகக் கேட்கும் விரிவுரையைவிடப் பல வகையில் சிறந்தது என்றே சொல்ல வேண்டும். எகிப்தின் செங்கடலில் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத் தரையில் கிடக்கும் திசில்கார்ம் என்னும் கப்பலை எடுத்துக்கொண்டால், அந்த ஆழத்தில் 32 விழுக்காட்டுக் கலவையைச் சுவாசிப்பவரின் உடலில் சேரும் நைட்ரஜன், காற்றைச் சுவாசித்துக்கொண்டு 24.4 மீட்டரில் இருப்பவருக்குச் சேரும் அளவே ஆகும். இதனைச் சம காற்று ஆழம் என்பர். பேடியின் காற்று அட்டவணைப்படி 30 மீட்டரில் 20 நிமிடமே தங்க முடியும் என்றிருக்க, 24.4 மீட்டருக்கு அடுத்துள்ள 25 மீட்டர் வரிசையில் 29 நிமிடம் கிடைக்கிறது. இத்தகைய கணக்கை அவரவர் வேகத்தில் நிறுத்தி, திரும்பப் போட்டுப் பார்த்து, இடையிடையே வரும் வினாக்களில் தவறித் திருத்திக்கொள்ளத் திரையே ஏற்ற இடம். தங்கக்கூடிய நேரத்தை நீருக்கடியிலேயே கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டரை மையமாக்கிய இன்றைய பாடத்தில் இக்கணக்கு பின்னுக்குத் தள்ளப்பட்டிருப்பது வருந்தத்தக்கது. கருவி காட்டும் எண் எங்கிருந்து வருகிறது என்பதை அறியாதவரால் அது பிழைபடும்போது ஐயுறவும் இயலாது.

நைட்ராக்ஸ் ஆழம் செல்வதற்கான வாயு அன்று என்பதையும் பாடம் தெளிவாக விளக்குகிறது. கலவையில் ஆக்சிஜன் மட்டும் செலுத்தும் அழுத்தத்தைப் பகுதி அழுத்தம் என்பர். அது 1.4 பாரைத் தாண்டாதிருக்க வேண்டும் என்பது பொது வரம்பு; 1.6 பார் நெருக்கடிக்கென விடப்பட்ட எல்லை. இதன்படி 32 விழுக்காட்டுக் கலவையோடு 33 மீட்டருக்கும், 36 விழுக்காட்டுக் கலவையோடு 28 மீட்டருக்கும் கீழே இறங்கக் கூடாது. மட்டக்களப்புக்கு அப்பால் ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலுக்கு 32 விழுக்காட்டுக் கலவையுடன் இறங்கினால் பகுதி அழுத்தம் 2 பாரை எட்டிவிடும். அந்நிலையில் முன்னறிகுறி ஏதுமின்றியே வலிப்பு வரக்கூடும். நீருக்கடியில் வலிப்பு வந்தவர் வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவி மூழ்கி இறப்பதே பெரும்பாலும் முடிவாகிறது.

ஆயினும் இப்பாடத்தின் உயிர்நாடி, சிலிண்டரிலுள்ள ஆக்சிஜன் விழுக்காட்டை அளக்கும் ஆக்சிஜன் அனலைசரைக் கையாளும் சில நிமிடங்களில்தான் உள்ளது. கருவியைக் காற்றில் வைத்து 20.9 எனத் திருத்தி, சிலிண்டர் வால்வை மெல்லத் திறந்து, சீராகக் கசியும் வாயுவைக் கருவியின் ஆக்சிஜன் உணர் செல்லின் மேல் செலுத்தும்போது, எண் 26, 30, 33 என ஏறி, பின் மெதுவாகி, 34.6இல் நிலைகொள்கிறது எனக் கொள்வோம். சிலிண்டரில் முன்பே ஒட்டிய தாளில் 32 என்று எழுதியிருக்கலாம். ஆனால் உண்மையான உச்ச ஆழம் 33 மீட்டர் அன்று, 30 மீட்டரே. வால்வை மிகுதியாகத் திறந்தால் செல்லின் மேல் அழுத்தம் கூடி எண் உயர்ந்து காட்டும். பழைய செல் எண்ணைக் குறைத்துக் காட்டலாம். ஈரப்பதம் மிகுந்த வெப்பமண்டலக் கடற்கரையில் வெளிக்காற்றைக் கொண்டு திருத்தினால் அளவு சற்று மிகுந்து காட்டும் என்பதால், சாதாரணக் காற்றுச் சிலிண்டரின் உலர் காற்றைக் கொண்டு திருத்துவதே நன்று. எவ்வளவு வேகம் சீரான கசிவு, எண் நிலைகொண்டதா இன்னும் ஏறுகிறதா என்பவற்றைக் காதும் விரலும் பழக வேண்டும். காணொளி அவற்றைக் காட்டலாமே தவிரப் பழக்க இயலாது.

அளந்த எண்ணை டைவ் கம்ப்யூட்டரில் பதிப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. கருவியில் 32 எனப் பதித்துவிட்டு உண்மையில் காற்றைச் சுவாசித்தால், அது நைட்ரஜனைக் குறைத்துக் கணக்கிட்டு அழுத்தத் தளர்வு நோய்க்கு வழிவிடுகிறது. 21 எனவே இருக்கவிட்டு 36 விழுக்காட்டுக் கலவையைச் சுவாசித்தால், ஆக்சிஜன் எல்லை கடந்தும் எச்சரிக்கை ஒலிக்காது. சில கருவிகள் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் தாமாகவே 21க்குத் திரும்பிவிடுவதால், ஒவ்வொரு முக்குளிப்புக்கு முன்னும் பதிவைச் சரிபார்க்க வேண்டும். இதனை மாணவர் தாம் பயன்படுத்தப் போகும் கருவியிலேயே பயிற்றுநர் முன் செய்து காட்ட வேண்டும். மாதிரித் திரையில் பொத்தானைத் தட்டுவது ஈடாகாது.

செய்முறையையும் காணொளி அழைப்பிலேயே முடித்துத் தர முன்வரும் பயிற்றுநர்களும் உண்டு. மாணவர் முன் சிலிண்டரும் அனலைசரும் இல்லாத அத்தகைய அழைப்பில் வழங்கப்படும் சான்றிதழ் அட்டை, கட்டணத்துக்கு ஈடான பயிற்சியைத் தருவதில்லை. ஆகவே, கோட்பாட்டை இணையத்தில் முடித்து, செய்முறையை முதன்முதலாக நைட்ராக்ஸ் பயன்படுத்தப் போகும் மையத்திலேயே வைத்துக்கொள்வது தக்க ஏற்பாடு. பணம் செலுத்துமுன், எத்தனை சிலிண்டர்களை மாணவரே அளக்க வைப்பார்கள், வெவ்வேறு கலவைகள் கிடைக்குமா, ஆக்சிஜன் விழுக்காடு, உச்ச ஆழம், தேதி, பெயர் ஆகியவற்றைச் சிலிண்டரில் எழுதி ஒட்டுவதை அவரிடமே விடுவார்களா என்று கேட்டறிவது நல்லது. நெடுநாள் முன் அட்டை பெற்று அனலைசரைத் தொடாமலேயே இருந்தவர், அடுத்த சிலிண்டரை வாங்கும்போது மையத்தாரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, திருத்துவது முதல் எழுதி ஒட்டுவது வரை தாமே ஒருமுறை செய்து பார்த்த பின் நீரில் இறங்கலாம்.