நிறம், முடி, சீருடை: வகுப்பறையில் உடலை வாசித்தல்

கறுப்புதான் அழகு என்று முக்கால் மணி நேரம் பேசி முடித்துவிட்டு நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "உங்க வூட்டுக்காரம்மா என்னா கலரு சார்?"

விழுப்புரம் பக்கத்தில் ஒரு காலனியின் சமுதாயக் கூடத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற மாலை வகுப்பு அது. பகலில் நான் அரசுப் பள்ளித் தமிழாசிரியன். ஊர்த்தெருக்காரன். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. யார் பேசுவது, எங்கிருந்து பேசுவது என்கிற கேள்வியை இந்த மாதிரிப் பக்கங்களில் விடாமல் கேட்டுவந்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கேள்வி என்மீதே திருப்பி வீசப்பட்டபோது, அதுவும் ஒரு பதினைந்து வயதுக்காரியால், எனக்குப் பதில் வரவில்லை. சிரித்து மழுப்பினேன். பிள்ளைகளும் சிரித்தார்கள். வகுப்பு கலைந்தது.

என் மனைவி நல்ல சிவப்பு. பெண் பார்த்துவிட்டு வந்த அம்மா "பொண்ணு நல்ல செவப்புடா" என்று சொன்னதுதான் அவரைப் பற்றி நான் கேட்ட முதல் செய்தி. ஐயர் வேண்டாம், தாலி வேண்டாம், வரதட்சணை வேண்டாம் என்று வீட்டில் மூன்று மாதம் சண்டை போட்டவன் நான். சுயமரியாதைத் திருமணம்தான் நடந்தது. மேடையில் பெரியார் படம் இருந்தது. ஆனால் 'செவப்பு' என்கிற சொல்லோடு நான் சண்டை போடவில்லை. சொந்தச் சாதிக்குள்ளேயே பெண் பார்த்தார்களே, அதோடும் போடவில்லை. அந்த இரண்டு மௌனங்களும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன என்பது எனக்கு உறைக்க அந்தப் பெண் கேட்க வேண்டியிருந்தது.

இதை எழுதிப் பாவமன்னிப்புத் தேடுவது நோக்கமல்ல. (சிறுபத்திரிகைகளில் பாவமன்னிப்புக் கட்டுரைகளுக்குப் பஞ்சமும் இல்லை.) பதின்வயதுப் பிள்ளைகளிடம் உடலைப் பற்றி, வர்க்கத்தைப் பற்றி, அடையாளத்தைப் பற்றிப் பேசப் போகிற நாம் அங்கே உண்மையில் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. நான் செய்தது பிரச்சாரம். பள்ளிகளுக்கு வந்துபோகிற தன்னம்பிக்கைப் பயிற்சியாளர்கள் செய்வது வேறொரு வகை. ஒரு பயிலரங்கில் பயிற்சியாளர் ஒருவர் முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சுற்றுக்கு விட்டு, "உங்களிடம் உங்களுக்குப் பிடித்தது என்ன, சொல்லுங்கள்" என்றார். 'உன்னை நீ நேசி' என்பது பாடம். பிள்ளைகள் கண்ணு, மூக்கு, சிரிப்பு என்று எதிர்பார்க்கப்பட்ட பதில்களைச் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். செங்கல் சூளைக்குப் போய்வருகிற பையன் ஒருவன் மட்டும் கண்ணாடியை வாங்காமலே பக்கத்திலிருந்தவனுக்குத் தள்ளிவிட்டான்.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கருத்தியல் இருக்கிறது. உடல் என்பது ஒவ்வொருவரின் தனிச்சொத்து. அதைப் பற்றிய மனத்தாங்கலும் அவரவர் சொந்த நோய். நம்பிக்கை ஊட்டினால் போய்விடும். ஆனால் பதின்வயதுப் பிள்ளைகள் தங்கள் உடலைக் கண்ணாடியில் வாசிப்பதில்லை, ஒருவரையொருவர் பார்த்துத்தான் வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பில் அவர்கள் மகா நிபுணர்கள். செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருக்கிறதா, சட்டைத் துணி சர்க்கார் கொடுத்ததா ஜவுளிக்கடையில் எடுத்ததா, மத்தியானம் சத்துணவு வரிசையில் தட்டோடு நிற்கிறாளா டிபன் பாக்ஸைத் திறக்கிறாளா, எந்த நிறுத்தத்தில் பஸ் ஏறுகிறான், இந்தத் தடயங்களையெல்லாம் வைத்து ஒரு புதுப் பிள்ளையின் சாதியையும் வீட்டு வருமானத்தையும் முதல் நாள் மதியத்துக்குள் கணித்துவிடுகிறார்கள். நாம் பிரதி, வாசிப்பு, குறி என்று பக்கம் பக்கமாக எழுதியதை அவர்கள் மதிய இடைவேளையில் செய்து முடித்துவிடுகிறார்கள். அதைப் பேசத்தான் கூடாது. பேசினால் "படிக்கிற பசங்க பேசற பேச்சா இது" என்று நாமே வாயை அடைத்துவிடுவோம்.

பாடநூல்கள் பேசாமலில்லை. 2017ல் மகாராஷ்டிரத்தின் பன்னிரண்டாம் வகுப்புச் சமூகவியல் நூலில், வரதட்சணைக்கான காரணங்களை அடுக்குகிற இடத்தில், பெண் அழகில்லாதவளாகவோ ஊனமுற்றவளாகவோ இருந்தால் திருமணம் கடினமாகிறது, மாப்பிள்ளை வீட்டார் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்ற பொருளில் எழுதியிருந்தது. அதே ஆண்டில், சிபிஎஸ்இ பள்ளிகளில் புழங்கிய ஒரு தனியார் உடற்கல்வி நூல், 36-24-36 என்பதே பெண்ணுக்குச் சிறந்த உடலமைப்பு என்று அளவுநாடா பிடித்தது. இரண்டும் சர்ச்சையாயின. முன்னதை நீக்கிவிடுவதாக அரசுத் தரப்பில் சொன்னார்கள், பின்னதை வெளியிட்டவர்கள் விற்பனையை நிறுத்தினார்கள்.

இரண்டாவது வெறும் அசிங்கம், விட்டுவிடலாம். முதலாவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த வாக்கியம் நம் சமூகத்தைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள். அதன் வன்முறை இலக்கணத்தில் இருக்கிறது. 'அழகின்மை' பெண்ணிடம் இருக்கிற ஒரு குணமாகவும், பணம் கேட்கிறவனின் பேராசை அதற்கு இயற்கையான விளைவாகவும் வாக்கியம் அமைந்துவிட்டது. யார் பார்த்து, யாருடைய அளவுகோலில் அழகில்லை என்று தீர்மானித்தார்கள் என்கிற எழுவாய் காணாமல் போய்விட்டது. சமூகவியல் வகுப்பென்று ஒன்று இருப்பதே அந்த எழுவாயைத் தேடத்தான். வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, "இதில் யார் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள்?" என்று பிள்ளைகளைக் கேட்டிருக்க வேண்டும். நீக்கிவிடுகிறோம் என்றதோடு விஷயத்தை முடித்துக்கொண்டார்கள். கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நீக்குவதுதான் நமக்குத் தெரிந்த ஒரே கற்பித்தல் முறையோ என்று சில சமயம் தோன்றுகிறது. ஃபூக்கோ இல்லாமல் இந்த மாதிரிப் பத்திரிகையில் உடலைப் பற்றி எழுத முடியாது என்பதால் ஒரு தகவலைச் சொல்லிவைக்கிறேன். தண்டனையையும் கண்காணிப்பையும் பற்றிய அவருடைய நூல் பிரெஞ்சில் வெளிவந்தது 1975ல். ஃபேர் அண்ட் லவ்லி இந்தியச் சந்தைக்கு வந்ததும் 1975ல்தான். நம் ஊர்ப் பிள்ளைகளின் உடலை அதிகம் கண்காணித்தது எது என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும். 2020ல், அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் உலகமெங்கும் எதிரொலித்தபோது, அந்தக் களிம்பின் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் இன்றைக்கும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், கடைக்காரரும் புரிந்துகொண்டு எடுத்துக் கொடுக்கிறார்.

சினிமா மட்டும் எதையும் நீக்குவதில்லை, போட்டுக் காட்டிவிடுகிறது. 2007ல் வந்த 'சிவாஜி' படத்தில் அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்கள். முகத்தில் கரிபூசி வேடிக்கைப் பொருளாக நிறுத்தப்பட்டவர்கள். பாரி மகளிர் என்று மரபு சொல்கிற பெயர்களை, தமிழ்ப் பட்டிமன்றத்தின் புகழ்பெற்ற முகம் ஒன்றைத் தகப்பனாக்கி, அவர் வீட்டுப் பெண்களுக்கு வைத்தார்கள். அதே படத்தில் கதாநாயகன் வெள்ளைக்காரனாகவே மாறிப் பாடுகிறார். தமிழ் வகுப்பில் பாரி மகளிர் பாடத்தைத் தொடங்கினால், படம் வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள்கூடச் சிரிக்கிறார்கள். டிவியில் அத்தனை முறை பார்த்திருக்கிறார்கள். புறநானூற்றுக்கும் அந்தச் சிரிப்புக்கும் நடுவே நின்றுகொண்டு பாடம் நடத்துவது எப்படி என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

முடி விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் நான் அதிகம் தடுமாறினேன்.

நான் முன்பு வேலை பார்த்த பள்ளி ஒன்றில், ஒரு திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் வாசலில் நாற்காலி போட்டு முடிவெட்டுகிறவரை உட்காரவைத்தார்கள். (அவர் மறுக்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய சாதிக்கும் நம் ஊர்களில் அந்த உரிமை கிடையாது.) பக்கத்தில் வழித்து நடுவில் தூக்கி நிறுத்தியவன், கோடு போட்டவன், செம்பட்டைச் சாயம் பூசியவன் எல்லோரும் வரிசையில். "பெரிய ஹீரோவாடா நீ?" என்று ஒவ்வொரு தலைக்கும் ஒரு குட்டு. அந்த வரிசையைச் சீர்செய்துகொண்டு நானும் நின்றேன். ஒழுக்கம் என்றுதான் நம்பினேன். வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் காலனிப் பையன்கள் என்பதைக் கண்ணால் பார்த்தும் மனதில் பதியவில்லை.

அம்பேத்கர் தன் இளமைக்காலத்தைப் பற்றி எழுதிய குறிப்புகளில், பள்ளியில் உட்காரத் தனியாகக் கோணிச் சாக்கு கொண்டுபோனதும் தண்ணீர்க் குழாயைத் தொட முடியாததும் பலருக்கும் நினைவிருக்கும். முடியைப் பற்றியும் அதில் இருக்கிறது. தீண்டப்படாதவர்களுக்கு எந்த நாவிதரும் முடிவெட்ட மாட்டார் என்பதால் வீட்டில் அக்காதான் வெட்டிவிட்டார். எங்கள் வட்டாரத்திலும் கதை வேறல்ல. இந்தப் பையன்களின் தாத்தாக்களுக்கு ஊர்க்கடையில் கத்தி வைக்க மாட்டார்கள். புளியமரத்தடியில் ஒருவருக்கொருவர் வெட்டிக்கொண்டார்கள். அப்புறம் பஸ் வந்தது, டவுனில் சலூன்கள் வந்தன. யாரென்று விசாரிக்காமல் சுழல்நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் துணி கட்டி, "எப்படி வெட்டணும் தம்பி?" என்று கேட்கிற இடம் அது. அப்படிக் கேட்கப்பட்ட முதல் தலைமுறை இவர்கள். அந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலைத்தான் தலையில் சுமந்துகொண்டு பள்ளிக்கு வருகிறார்கள். நாம் வாசலிலேயே நாற்காலி போட்டு அந்தப் பதிலை வழித்தெடுக்கிறோம்.

சினிமா மோகம்தானே, நுகர்வுக் கலாச்சாரம்தானே என்று மார்க்சியத் தோழர்கள் கேட்பார்கள். ஆமாம், அதுவும்தான். தொப்புளுக்குக் கீழே இறங்குகிற கால்சட்டையையும் சேர்த்து விடுதலை என்று கொண்டாடச் சொல்லவில்லை. ஆனால் தன் உடலைத் தானே அலங்கரிக்கும் உரிமை வரலாற்றில் மறுக்கப்பட்டவன் செய்துகொள்ளும் அலங்காரத்தையும், எப்போதும் அந்த உரிமையோடிருந்தவன் செய்துகொள்வதையும் ஒரே சொல்லால் அழைத்தால் வரலாறு வழுக்கிக்கொண்டு போய்விடும்.

சீருடையை நான் மறுக்கவில்லை. கிழிசல் சட்டைக்குப் பயந்து பள்ளிக்கு வராமலிருந்தவர்களை அது வகுப்புக்குள் கொண்டுவந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடுப்பதையும் மறுக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியபிறகு, மறுத்துப் பேச வாயும் வராது. அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் நெற்றிக் குறிகளையும் தடைசெய்யச் சொன்னது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கவும் சொன்னது. எடுக்கட்டும். அறிக்கை வேறு பல காரியங்களையும் சொல்கிறது. நடைமுறைக்கு வரும்போது கயிற்றை அறுப்பதுதான் சுலபமாக இருக்கிறது. என் பகல்நேரப் பள்ளியில் கயிறு இப்போது இல்லை. சட்டைக்குள் போட்டிருக்கும் பனியனின் நிறமும், செல்போனில் வைத்திருக்கும் பாட்டும் அந்த வேலையைப் பார்க்கின்றன. வாசிக்கத் தெரிந்தவர்கள் புதுக் குறிகளைச் செய்துகொள்கிறார்கள், நாம் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடி அழித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பெண் கேட்ட மறுவாரம் நான் பிரச்சாரத்தை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் மணமகள் தேவை, மணமகன் தேவைப் பக்கங்களைச் சேகரித்து எடுத்துப்போனேன். நான்கு நான்கு பேராகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். நிறத்தைச் சொல்கிற இடங்களைச் சிவப்பு மையாலும், சம்பளத்தைச் சொல்கிற இடங்களை நீல மையாலும் அடிக்கோடிடச் சொன்னேன். கொஞ்ச நேரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்: நீலக்கோடு பெரும்பாலும் ஆண்களின் பக்கம், சிவப்புக்கோடு பெண்களின் பக்கம். "அவன் சம்பளத்த சொல்றான், இவ கலர சொல்றா. ரெண்டும் ஒண்ணுதான் சார், வெலதான்" என்றான் செங்கல் சூளைப் பையன். பூர்தியு இதைச் சொல்லப் பல நூறு பக்கங்கள் எடுத்துக்கொண்டார். 'கறுப்பு' என்று யாருமே விளம்பரம் கொடுக்கவில்லை, 'மாநிறம்' என்பதோடு நின்றுவிடுகிறார்கள் என்று ஒருத்தி கவனித்துச் சொன்னாள். சாதிவாரியாகத் தலைப்புப் போட்டிருப்பதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது அவர்களுக்குச் செய்தியே அல்ல.

பிறகு ஒருவன் சத்தமாக வாசித்தான்: சாதி தடையில்லை. அடைப்புக்குறிக்குள், எஸ்.சி., எஸ்.டி. தவிர.

"இது எங்களத்தான சார் சொல்றாங்க?"

ஆமாம் என்றேன். இந்தப் பக்கங்களைக் கொண்டுவந்தது தவறோ என்று அந்த நிமிடம் தோன்றியது. இப்போதும் முழுசாகப் போகவில்லை அந்தச் சந்தேகம். பிள்ளைகள் அழவுமில்லை, கோபப்படவுமில்லை. அந்த அடைப்புக்குறியைச் சுற்றி எந்த நிற மையால் கோடு போடுவது என்று கேட்டார்கள். என்னிடம் இரண்டு நிறம்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டார்கள்.

போன வாரக் கேள்விக்கு அப்போதுதான் பதில் சொன்னேன். "செவப்பும்மா. பாத்துத்தான் கட்டுனேன். எங்க சாதியிலயே."

"தெரியும் சார்" என்றாள் அவள். "பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பேரையும் பாத்திருக்கோம்."

அடுத்த வாரம் எதைப் படிக்கலாம் என்று கேட்டதற்கு, டவுன் சலூனில் ஒட்டியிருக்கும் தலைப்படங்களைப் போட்டோ எடுத்து வருவதாகப் பையன்கள் சொன்னார்கள். சலூனில் எங்களுக்கு என்ன வேலை என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். இன்னும் முடிவாகவில்லை.