விவிலியச் சொல்லடைவும் தரவுப்பொறித் தேர்வும்

நூலொன்றன் சொற்களை அகரநிரலில் அடுக்கி, அவை பயிலும் இடங்களைச் சுட்டுவது சொல்லடைவு. விவிலியப் பயிற்சிக்கெனக் கணிப்பொறியில் அமைந்த மென்பொருள்கள் செய்வதும் பெரும்பாலும் இப்பணியே. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714–15-இல் அச்சேற்றிய புதிய ஏற்பாடு முதல் 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் வரை தமிழ் மொழிபெயர்ப்புகள் பல. அவற்றை ஒப்பிட்டு ஆய்வார்க்கு ஏற்ற தரவுப்பொறி யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஆனைமலைத் தொடரின் தோட்டக் குடியிருப்புகளில் இணையத் தொடர்பு எங்கும் ஒருசீராய்க் கிடைப்பதன்று. ஆகவே, வழங்கியை நாடாது தன்னிலையில் இயங்குதல் முதல் தேவை. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகிய எதிலும் ஒரே கோப்பு பயன்படுதல் இரண்டாவது. 2000-இல் ரிச்சர்டு ஹிப் தோற்றுவித்த எஸ்கியூலைட் இவ்விரண்டையும் நிறைவு செய்கிறது. தரவு முழுதும் ஒரு கோப்பில் அடங்கும். பொறி பொதுவுடைமையாதலின் உரிமத் தடையும் இல்லை. கோப்பின் அமைப்பை 2050 வரை பேணுவதாக அதனை இயற்றினோர் உறுதி கூறியுள்ளனர். இவ்வளவில் தேர்வு தக்கதே என்க.

எனினும், பொறி தக்கதாயின் தேடலும் தக்கதாம் என்று துணிதல் பொருந்தாது. ஒருங்குறி, தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்து வகையில் சேர்க்காமல் குறி வகையில் வைத்துள்ளது. எஸ்கியூலைட்டின் முழுப்பாடத் தேடலில் இயல்பாய் அமைந்த சொற்பிரிப்பி அக்குறிகளைச் சொல்லெல்லையாகக் கொள்கிறது. அதனால் ‘அன்பு’ என்னும் சொல் ‘அன’, ‘ப’ என இரண்டாய் முறிகிறது. ‘அனுப்பினான்’ என்பதும் ‘அன’, ‘ப’ என்றே தொடங்கி முறிதலின், அன்பைத் தேடுவார்க்கு அனுப்பினான் வந்து நிற்கும். மெய்க்குப் புள்ளி இயல்பு என்பது தொல்காப்பியர் கொள்கை. அதனைச் சொல்லின் வேலியாக்குதல் தமிழுக்கு ஒவ்வாது. சொற்பிரிப்பியின் அமைப்பில் குறி வகைகளையும் சேர்த்துவிடின் இக்குறை நீங்கும்.

நீங்கிய பின்னும் ஓர் இடர் உண்டு. ‘ஆடு’ என்று தேடின் ‘ஆட்டை’, ‘ஆட்டுக்குட்டி’ என்பன அகப்படா. நெடிற்றொடர்க் குற்றியலுகரம் வேற்றுமையில் டகரம் இரட்டுவது இலக்கணம் அறிந்தார்க்குப் புதிதன்று; பொறியோ அதனை அறியாது. முன்னொட்டுத் தேடலும் இங்குப் பயன்படாது. வசனந்தோறும் சொல்லின் வேர்வடிவைத் தனி நிரலில் பதித்தலே வழி. இது பொறியாளர் தனித்துச் செய்யும் பணியன்று. இலக்கண ஆசிரியர் துணை வேண்டும்.

அகரநிரலும் அத்தகையதே. குறியெண் வழி அடுக்கின், னகரம் நகரத்தை அடுத்தும், ஜகரம் சகர ஞகரங்களுக்கு இடையேயும் வரும்; மெய்யெழுத்து உயிர்மெய்யின் பின்னே நிற்கும். தமிழ் அகராதி முறைக்கு இது மாறு. எனவே தமிழ் வரிசையைத் தனியே வகுத்து இணைத்தல் வேண்டும். இடச்சுட்டிலும் கருத்து வேண்டும். எபிரேய மரபில் 23 என எண்ணப்படும் திருப்பாடல் கிரேக்க மரபில் 22 ஆதலின், எண்முறை இன்னதென்பதைப் பதிப்புதோறும் குறித்தல் வேண்டும்.

சொல்லடைவு தரும் விடைகளுள் ‘இல்லை’ என்பதே பெரிதும் ஆபத்தானது. வந்த விடை பிழையாயின் படிப்பவர் கண்டுகொள்வார். வாராத விடையைக் காண்பார் யார்? இச்சொல் இந்நூலில் பயின்றிலது என ஆய்வாளர் முடிபு கட்டுதற்கு முன்னர், தேடிய பொறி தமிழெழுத்தை அறியுமா என்று வினவுதல் கடன்.