நியானா, கொக்கா!

ஜூரோங் ஈஸ்ட்டில் இருக்கும் எங்கள் நாலறை வீவக வீட்டில் எந்நேரமும் நாலு லிட்டர் நியான் வாயு இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். காற்றின் பத்து லட்சம் பங்கில் நியான் 18 பங்கு. 90 சதுர மீட்டர் வீடு, 2.6 மீட்டர் உயரம் என்று பெருக்கிப் பாருங்கள், நாலு லிட்டருக்குக் கொஞ்சம் மேலேயே வரும்! நிறம் கிடையாது, மணம் கிடையாது, சும்மா கிடக்கிறது. ஆனாலும் உலகத்திலேயே எனக்குப் பிடித்த வாயு எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: நியான்தான்.

காரணம் அதன் பிடிவாதம். 10 எலக்ட்ரான்கள், உள்ளே 2, வெளியே 8. வீடு நிறைந்துவிட்டது, இனி யாரிடமும் கொடுக்கல் வாங்கல் இல்லை. மந்த வாயுக்கள் எல்லாமே அப்படித்தானே என்பீர்கள். இல்லை! 1962இல் செனான் மசிந்தது, அடுத்த ஆண்டே கிரிப்டானும் மசிந்தது. 2000இல் ஆர்கானை ஹெல்சிங்கியில் மசிய வைத்தார்கள். கடும் அழுத்தத்தில் சோடியத்தோடு ஹீலியம்கூடச் சேர்ந்துவிட்டது. எத்தனை வரன் வந்தாலும் தலையாட்டாத மாப்பிள்ளை நியான் ஒருவர்தான். வேதிப் பிணைப்போடு நிலையாக நிற்கும் நியான் சேர்மம் இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

இப்படி ஒட்டாமல் இருப்பதால்தான் அது பல வேலைகளுக்கு உதவுகிறது. எலக்ட்ரீஷியன் சட்டைப் பையில் செருகியிருக்கும் டெஸ்டருக்குள் எரிவது ஒரு குட்டி நியான் விளக்கு. மின்முனையை அரிக்காது, கண்ணாடியோடு வினைபுரியாது, வருஷக்கணக்கில் உழைக்கும். பழைய எக்ஸ்டென்ஷன் பலகையின் சிவப்பு விளக்கும் பெரும்பாலும் அதுவே. இருட்டில் அந்தப் பலகையைக் கையில் பிடித்து வேகமாக ஆட்டிப் பாருங்கள். தொடர்ந்த கோடு தெரியாது. புள்ளி புள்ளியாகத் தெரியும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது விநாடிக்கு 100 தடவை எரிந்து அணைகிறது. நான் ஆட்டுவதைப் பார்த்து என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் அவளும் ஆட்டினாள்!

சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் என் பையில் ஒரு பழைய சிடி இருக்கும். இப்போது கடைப் பெயர்ப்பலகைகள் பெரும்பாலும் எல்இடி. உண்மையான கண்ணாடி நியான் குழாய் எங்காவது கண்ணில் பட்டால் கால் தானாக நின்றுவிடும். ஒருநாள் அப்படிச் சில அடி தள்ளி நின்று குழாயின் பிம்பத்தைச் சிடியில் பிடித்தேன். அடடா! ஒரே சிவப்பாகத் தெரிந்தது ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் என்று தனித்தனிக் கீற்றுகளாகப் பிரிந்து நின்றது. பக்கத்துக் கடை எல்இடியைக் காட்டினால் சாதாரண வானவில் பட்டைதான்.

“என்ன அண்ணே, சிடி விக்கிறீங்களா? இப்ப யாரு வாங்குறா?” என்றார் கடைக்காரர். அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். “இது நம்ம போர்டா!” என்று வாயைப் பிளந்தார். அந்தச் செம்மஞ்சள்தான் அசல் நியான். நீலமாக எரியும் குழாயில் இருப்பது ஆர்கானும் பாதரசமும்.

இந்த நிறத்தை 1898இல் லண்டனில் முதன்முதலாகக் கண்டவர்கள் வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும். திரவமாக்கிய ஆர்கானில் முதலில் ஆவியாகி வந்ததைக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். செக்கச் செவேலென்று பற்றிக்கொண்டது. அதே ராம்சே 1900இல் இந்தியா வந்து, டாட்டா கனவு கண்ட ஆய்வுக்கழகத்துக்குப் பெங்களூரே தோதான ஊர் என்று சொல்லிவிட்டுப் போனார். நியானைக் கண்டவர் கைபட்டதுதான் இந்திய அறிவியல் கழகம்!

பாரிஸில் ஜார்ஜ் கிளோட் காற்றைத் திரவமாக்கி ஆக்சிஜன் விற்றார். நியான் உபரியாக மிஞ்சியது. சும்மா விடுவாரா? 1910 மோட்டார் கண்காட்சியில் 12 மீட்டர் நீளக் குழாய்கள் இரண்டை எரியவிட்டார். அவர் கூட்டாகத் தொடங்கிய ஏர் லிகிட் நிறுவனம் இன்று சிங்கப்பூரிலும் இயங்குகிறது. ஜூரோங் தீவில் காற்றைப் பிரிக்கும் ஆலைகளிலும் அடிப்படை அதேதான். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் திரவமாகிவிடும். நியான் மைனஸ் 246 வரை அசையாது; ஹீலியத்தோடு பிரிப்புக் கோபுரத்தின் உச்சியில் மிஞ்சி நிற்கும். அதையும் திரவமாக்கிவிட்டால், அளவுக்கு அளவு திரவ ஹீலியத்தைப்போல 40 மடங்குக்கும் மேல் வெப்பத்தை உறிஞ்சும்.

பெயர்ப்பலகையோடு இதன் காலம் முடிந்ததென்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சில்லுத் தொழிற்சாலைகளில் சிலிக்கான் தகட்டில் கோடு வரையும் புறஊதா லேசருக்குள் நிரம்பியிருப்பதில் பெரும்பங்கு நியான். உக்ரேனின் மரியுபோலும் ஒடேசாவும் உலகச் சில்லுத் தொழிலுக்கான நியானில் ஏறக்குறையப் பாதியைத் தந்துவந்தன. 2022இல் போர் மூண்டதும் விலை எகிறி, பெரிய பெரிய நிறுவனங்களே கலங்கின. உங்கள் கைப்பேசியின் மூளை வரையப்பட்டதிலும் இதற்குப் பங்கு இருக்கும்.

பிள்ளைகள் உள்ளவர்கள் வார இறுதியில் ஜூரோங்கிலுள்ள அறிவியல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். டெஸ்லா சுருளின் மின்னலை அவர்கள் பார்க்கட்டும். வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்தால் ஒளி பிறக்கும் என்பது அங்கே மண்டையில் ஏறிவிடும். அப்படியே தேக்காவுக்கு ஒரு நடை. பழைய சிடி ஒன்றைக் கையோடு எடுத்துப்போக மறக்காதீர்கள். மிச்சமிருக்கும் குழாய்களும் எல்இடிக்கு மாறுவதற்குள் பார்த்துவிட வேண்டும்!