வேடமும் வைத்தியமும்

உருவமா, உள்ளடக்கமா என்னும் வினா இலக்கியத்துக்கு மாத்திரம் உரியதன்று. இணையத்தில் வைத்தியர்கள் தோன்றி உடல்நலம் பற்றி உரைக்கும் வீடியோக்களையும் அவ்வினாவைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். உருவம் உள்ளடக்கத்தை விழுங்குமாயின், இலக்கியத்தில் ஒரு நூல் கெடும். இங்கு ஓர் உயிர் கெடும்.

என் மாணவி ஒருத்தியின் தாயார் நீரிழிவு மாத்திரைகளை நிறுத்திவிட்டு, வீடியோ ஒன்றிற் கண்ட கஷாயத்தை நம்பியிருந்தார். ஏனெனக் கேட்டேன். "வெள்ளைக் கோட்டுப் போட்ட டொக்டர்தானே சொன்னவர், சேர்" என்றார். அவ்வைத்தியரின் பெயரோ, காட்டிய சான்றோ அவர் நினைவில் இல்லை. கோட்டு மாத்திரமே நின்றது.

இதனைப் பாமரரின் அறியாமையெனத் தள்ளிவிடுதல் தகாது. வைத்தியசாலையிலே வெள்ளைக் கோட்டு பொறுப்பின் அடையாளம். அதனை அணிந்தவர் நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கிறார். தவறினாற் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார். திரையிலோ இவை யாவும் கழன்றுபோகக் கோட்டு மாத்திரம் எஞ்சுகிறது. கூத்தில் முடியைக் கண்டு அரசனை அறிகிறோம். விடிந்தபின் அவனிடம் வழக்குரைக்கச் செல்வதில்லை. வைத்திய வீடியோவிலோ அந்த விடியல் நிகழ்வதேயில்லை.

முதலாளித்துவம் இவ்வேடத்தின் விலையை நெடுநாளைக்கு முன்னரே அறிந்துகொண்டது. வைத்தியர்கள் அதிகமாகப் புகைப்பது தனது கமெல் சிகரெட்டையே என ஐக்கிய அமெரிக்காவின் புகையிலைக் கம்பனியொன்று 1946இல் விளம்பரஞ் செய்யத் தொடங்கியது. வெள்ளைக் கோட்டணிந்தோர் அவ்விளம்பரங்களிற் புன்னகைத்தனர். ஆண்களின் நுரையீரற் புற்றுநோய்க்குப் புகைத்தல் காரணமென அந்நாட்டின் தலைமைச் சுகாதார அதிகாரியின் அறிக்கை கூறியது 1964இலேதான்.

நடிகருக்குப் பதிலாக உண்மை வைத்தியரே தோன்றினாற் குறை தீருமா? மெஹ்மட் ஒஸ் தேர்ந்த இருதய சத்திரசிகிச்சை நிபுணர். 2009 முதல் 2022 வரை நடந்த தமது தொலைக்காட்சி நிகழ்ச்சியிற் சத்திரசிகிச்சைக்கூட உடையுடன் பலமுறை தோன்றினார். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளிவந்த ஆய்வொன்று அந்நிகழ்ச்சியின் ஆலோசனைகள் 80ஐ எடுத்து ஆராய்ந்தது. அவற்றுள் 46 வீதமானவற்றுக்கே சான்று கிடைத்தது. உடல் மெலியச் செய்யும் பண்டங்களை அற்புதமெனப் புகழ்ந்தமைக்காக, அதே ஆண்டில் செனற் சபைக் குழுவொன்றின் கண்டனத்தையும் அவர் நேரிற் கேட்டார். எனினும் 2025இல், அரசாங்க மருத்துவக் காப்புறுதித் திட்டங்களை நிருவகிக்கும் நிறுவனத்துக்கு அவரே தலைவராக்கப்பட்டார். திரை ஈட்டிக் கொடுத்த புகழைச் சான்றின்மை அசைக்கவில்லை.

ஆயின், கவர்ச்சியே குற்றமெனக் கொள்ளுதல் வறட்டுவாதமாகும். மைக் வர்ஷாவ்ஸ்கி என்னும் இளம் வைத்தியரை 2015இற் பீப்பிள் சஞ்சிகை மிகக் கவர்ச்சியான வைத்தியரெனக் கொண்டாடியது. பின்னர் யூடியூபில் 1 கோடிக்கு மேற்பட்ட சந்தாதாரரைப் பெற்ற அவர், தடுப்பூசி பற்றிய பொய்களை அக்கூட்டத்தின் முன்னே மறுத்துரைத்தார். இங்கு உருவம் உள்ளடக்கத்துக்கு ஊழியஞ் செய்கிறது. எனவே, வைத்தியர் எவ்வளவு கவர்கிறார் என்பதன்று வினா; கவர்ந்தபின் எதனைத் தருகிறார் என்பதே.

சந்தையோ முதற்பாதியை மாத்திரமே அளக்கிறது. எத்தனைபேர், எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பதிலேயே விளம்பரப் பணம் தங்கியிருக்கிறது. "பரிசோதித்த பின்னரே சொல்லலாம்" என்னும் நேர்மையான விடைக்கு அந்தச் சந்தையில் விலையில்லை.

அத்தாயார் இன்னொன்றும் சொன்னார்: "கிளினிக்கிலை ரெண்டு நிமிஷந்தான், சேர். இவர் ஆறுதலா முகத்தைப் பாத்துக் கதைக்கிறார்." விடயத்தின் வேர் இங்கேதான் உளது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின் வைத்தியர் பலர் நம் நாட்டைவிட்டு வெளியேறினர். இலவச மருத்துவ சேவையின் வரிசைகளிற் காத்துநிற்கும் ஏழைக்குக் கிடைக்காத அந்த ஆறுதலான பார்வையையே திரை விற்கிறது.

ஆதலின் நமக்கு வேலை இரண்டு. பேசுபவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, சான்று யாது, தவறினால் யார் பொறுப்பு என்று கேட்க வகுப்பறையிற் பழக்குதல் ஒன்று. கிளினிக்கில் நோயாளியின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதற்கு வைத்தியருக்கு நேரம் வேண்டும், அதற்குப் போதிய வைத்தியர் வேண்டும் என்று கோருதல் மற்றொன்று. இரண்டாவதைக் கைவிட்டு முதலாவதை மாத்திரம் போதிப்போமாயின், அத்தாயாருக்கு நாம் சொல்வதும் வெறும் உபதேசமாகவே முடியும்.